சிறையில் பிறந்த பெண்

‘டேவிட் காப்பர்ஃபீல்’டை ரசித்துப் படித்த நண்பர்கள் சிலர், ‘லிட்டில் டாரிட்’டைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நியாயந்தான். கதை வளர்த்தி, முடிச்சுகளும் அதிகம். ஆனால் ஜெயிலில் இருக்கும் தகப்பனுக்கும் அவன் குழந்தைக்கும் உள்ள பந்தத்தை இத்தனை கிட்டத்தில் போய்ப் பார்த்த நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

டிக்கன்ஸுக்கு அது கேள்வி ஞானம் அல்ல. 1824-ல் அவருடைய தந்தை கடனுக்காக லண்டன் மார்ஷல்ஸி சிறையில் அடைபட்டார். பன்னிரண்டு வயதுப் பையன் பூட்ஸ் மை தயாரிக்கும் இடத்தில் சீட்டு ஒட்டிப் பிழைத்தான். ஞாயிறுதோறும் அக்காவுடன் சிறைக்குப் போய் வந்தான். பேரும் புகழும் வந்த பிறகும் அவர் இதைத் தம் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. 1870-ல் அவர் காலமான பின்பு, நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் விஷயம் வெளிவந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாததைத்தான் 1855 முதல் 1857 வரை மாதாமாதம் வெளியான இந்தக் கதையில் கொட்டியிருக்கிறார்.

ஏமி மார்ஷல்ஸியிலேயே பிறந்தவள். பகலில் வெளியே தையல் வேலை செய்கிறாள். அங்கே கிடைக்கும் சாப்பாட்டை உண்ணாமல் மிச்சம் பிடித்து அப்பாவுக்குக் கொண்டுவருகிறாள். மகள் கூலிக்குப் போவதே தெரியாததுபோல் அவர் பாவனை செய்கிறார். குடும்பமும் அந்த நாடகத்தில் சேர்ந்துகொள்கிறது. சிறைக் காவலர் மகன் ஏமியிடம் மனம் வைத்திருக்கிறான். அவனை முகம் முறிக்காமல் வைத்துக்கொண்டால் தமக்குச் சௌகரியம் என்று அப்பா ஒரு நாள் ஜாடையாகச் சொல்கிறார். பிறகு வெட்கம் தாளாமல் அழுகிறார். தேற்றுகிறவளும் ஏமிதான்!

இந்த இடத்தில் டிக்கன்ஸ் மகா கலைஞர். பந்தம் அறுபடவில்லை; ஆனால் அதன் பாரம் முழுவதும் குழந்தையின் தோளில் இருக்கிறது.

என் குறை வேறு. ஏமிக்குக் கோபமே வருவதில்லை. ஒரே ஒரு தடவை, அப்பாவுக்குச் சொத்து வந்து விடுதலை கிடைக்கும் சமயத்தில், இத்தனை வருஷத்தை இழந்தவர் கடனையும் தீர்த்தாக வேண்டுமா என்று கேட்கிறாள். அதைச் சிறைவாசம் அவள் மனத்தில் ஒட்டவைத்த கறை என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். எனக்கோ, அவள் தேவதையாக இல்லாமல் ரத்தமும் சதையுமாகப் பேசுவது அங்கேதான் என்று படுகிறது. நாள் கணக்கை எண்ணிப் பார்க்காத கைதியின் குழந்தை உண்டா?

நேரு 1930 அக்டோபரில் நைனி சிறையில் தொடங்கி 1933 ஆகஸ்டு வரை மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அடைபட்டிருந்த தகப்பனார் உலக சரித்திரத்தையே மகளுக்குக் கொடுக்கப் பார்த்தார். அங்கே கொடுப்பவர் பெரியவர், பெறுவது குழந்தை. தேசத்துக்காக உள்ளே போனவருக்குத் தலைகுனிவு இல்லை, கடனுக்குப் போனவருக்கு உண்டு என்பது வாஸ்தவம். ஆனாலும் தலைகுனிவு உள்ளவன் குழந்தைக்குத்தான் அப்பாவிடமிருந்து ஏதாவது கிடைப்பது இன்னும் அவசியம். மிஸ்டர் டாரிட் ஒரு கதையாவது சொல்லியிருக்கலாம், ஒரு தடவையாவது, “சாப்பிட்டாயா அம்மா?” என்று கேட்டிருக்கலாம்.

அவர் கேட்கவில்லை. பணக்காரராகி ரோமாபுரியில் விருந்துண்ணும்போது புத்தி பேதலித்து, விருந்தாளிகளை மார்ஷல்ஸிக்கு வரவேற்கிறார். அப்போதும் அவரைத் தாங்கிப் பிடிக்க ஏமி பக்கத்தில் நிற்கிறாள். பாதியில் புத்தகத்தை மூடிய நண்பர்கள் அந்த அத்தியாயம் வரைக்குமாவது போய்ப் பார்க்க வேண்டும்.