படைப்பும் பரிணாமமும்: ஏசா கிரேயின் இணக்கவுரை

உலகிற்குக் கருத்தா ஒருவன் உளன் என்னுங் கொள்கையும், உயிரினங்கள் முன்னையவற்றினின்று திரிந்து காலப்போக்கிற் பலவாயின என்னும் பரிணாமக் கொள்கையும் தம்முள் இணங்குமோ என்பது, சார்லசு டார்வின் தமது 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலை 1859-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளியிட்ட நாள் முதல் இடையறாது நடந்துவரும் வழக்காகும். இவ்வழக்கிற் புகுவார் பலரும், இரண்டில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுவதே வழி எனத் துணிந்தே புகுகின்றனர். இரண்டையும் கொள்வேன் என முன்வந்து, அதற்குரிய நியாயங்களை முறைப்பட வகுத்தோருள் முதல்வரெனத் தக்கவர் அமெரிக்கத் தாவரநூற் புலவர் ஏசா கிரே. அவருடைய உரை வென்ற இடமும் தோற்ற இடமும் சித்தாந்த நூல்களைப் பயில்வார்க்குப் பெரிதும் பயன்படுவன. என்னையெனின், அவர் இடறிய கல்லிலேயே சைவ மேடைகளிற் பேசுவாரும் இந்நாளில் இடறி வருகின்றனர்.

கிரே (1810–1888) ஆர்வர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர். கிறித்துவ சமயத்தில் உறுதியான பற்றுடையவர். டார்வின் தம் கருத்தை உலகறியச் செய்யுமுன் நம்பி அறிவித்த மிகச் சிலருள் இவரும் ஒருவர். 1857 செப்டம்பரில் இவர்க்கு டார்வின் வரைந்த திருமுகத்தின் ஒரு பகுதியே, 1858 சூலை 1-இல் இலண்டன் இலின்னேயக் கழகத்தில், வாலேசின் கட்டுரையோடு ஒருங்கு படிக்கப்பட்டது. சப்பான் நாட்டுச் செடிகொடிகள் வட அமெரிக்காவின் கீழ்ப்பகுதிச் செடிகொடிகளை வியப்புறுமாறு ஒத்திருத்தலை ஆராய்ந்து, பண்டு வடபால் நாடுகளில் தொடர்ந்து பரவியிருந்த ஒரே கூட்டத்தின் வழித்தோன்றல்கள் இவை என 1859-இல் கிரே எழுதினார். அதே பல்கலைக்கழகத்தில் விலங்குநூல் கற்பித்த லூயி அகாசிசோ, ஒவ்வோர் இனமும் இறைவனது உள்ளத்தெழுந்த ஓர் எண்ணம். அதுவதற்குரிய இடத்தில் தனித்தனியே படைக்கப்பட்டது என்பவர். ஆகவே கிரேக்கு இவ்வழக்கு ஏட்டுவழக்கன்று. நாள்தோறும் ஒரே வளாகத்தில் எதிர்ப்பட்ட ஒன்று.

1860-இல் 'அட்லாண்டிக்' என்னும் திங்களிதழில் அவர் எழுதிய மூன்று கட்டுரைகள் மறுவாண்டில் ஒரு சிறுநூலாயின. இயற்கைத் தேர்வு இயற்கைவழி இறைநூலுக்கு முரணன்று என்பதே அந்நூற்பெயரின் பொருள். டார்வினே அதனை விரும்பி இங்கிலாந்திற் பலர்க்கும் வழங்கினார். அந்நூலின் வாதம் இரு கிளைகளையுடையது. ஒரு பொருள் எவ்வழியால் வந்தது என அறிதல், அது யாராலும் கருதப்படவில்லை என அறிதலாகாது என்பது முதற்கிளை. பேலி என்னும் பாதிரியார் 1802-இற் காட்டிய கடிகார உவமையைக் கொண்டு, கடிகாரம் முன்னைக் கடிகாரங்களின் வழித்தோன்றியதெனினும் அமைத்தோன் ஒருவன் வேண்டப்படுவன் என்பர். இக்கிளை உறுதியானதே. பானை கையால் வனையப்பட்டதோ திகிரியால் வனையப்பட்டதோ என்னும் ஆராய்ச்சி குயவன் உண்மையை மறுப்பதன்று.

இரண்டாங்கிளையிலேதான் இடர் நேர்ந்தது. இயற்கைத் தேர்வு தொழிற்படுதற்கு உயிர்களிடத்துச் சிறுசிறு திரிபுகள் தோன்றுதல் வேண்டும். அத்திரிபுகள் எதனால் தோன்றுகின்றன என்பது அந்நாளில் விளங்காதிருந்தது. விளங்காத அவ்விடத்தில் கிரே இறைவனைக் கொண்டுவந்து இருத்தினார். சரிவான நிலத்தில் ஓடும் நீர் தன் காலைத் தானே அகழ்ந்து கொள்ளுமாயினும், அக்கால்கள் வயல்களுக்குப் பாயும் ஒழுங்கில் அமைந்திருக்கக் காணின், அவற்றை அவ்வழிச் செலுத்தினான் ஒருவன் உளன் எனக் கொள்ளுதல் தகும் என்றும், திரிபுகளும் அவ்வாறே நன்மை பயக்கும் வழிகளிற் செலுத்தப்பட்டன என்றும் கூறினார்.

இதற்கு டார்வின் இறுத்த விடை 1868-இல் வெளிவந்த அவரது மற்றொரு பெருநூலின் முடிவில் உள்ளது. வளர்ப்பு விலங்குகளிலும் பயிர்களிலும் தோன்றும் திரிபுகளைப் பற்றியது அந்நூல். ஒரு கட்டடக்காரன் செங்குத்தான பாறையின் அடியில் உதிர்ந்து கிடக்கும் கற்களைப் பொறுக்கி, வெட்டாமலே, பொருந்துவனவற்றைத் தெரிந்தடுக்கி ஒரு மாளிகை எழுப்புகின்றான் என்க. ஒவ்வொரு கல்லின் வடிவும் பாறையின் இயல்பு, பிளவின் போக்கு, மழை வெயில் முதலிய காரணங்களால் தவறாது விளைந்ததே. ஆயினும் மாளிகையின் பொருட்டு அவ்வடிவுகள் விளைந்தன என்றல் யாங்ஙனம்? அவன் கருத்தை நோக்க அவை தற்செயலே. இங்ஙனங்கூறிய டார்வின் மேலும் வினவுவார்: மார்பு புடைத்த புறாவையும் விசிறிவாற் புறாவையும் மக்கள் தம் விளையாட்டுக்காகப் பயிற்றிக்கொள்ளட்டும் என்றோ இறைவன் புறாக்களின் மிடற்றையும் வாலிறகையும் திரிவித்தான்? காளையொடு பொரும் கொடுமைக்கு உதவட்டும் என்றோ நாயின் சினத்தை வளர்த்தான்? அன்றெனின், வளர்ப்பு விலங்குகளில் விடுத்த கொள்கையைக் காட்டு விலங்குகளில் மட்டும் பற்றுதற்கு நியாயம் யாது?

இவ்விடையை வெறுங்குறும்பு என ஒதுக்குதல் கூடாது. கிரேயின் இரண்டாங்கிளையை இஃது அடியோடு முறிக்கின்றது. பிற்கால ஆராய்ச்சியும் இதற்கே துணையாயிற்று. 1943-இல் லூரியா, டெல்புருக்கு என்னும் இருவர் நுண்ணுயிர்களைக் கொண்டு செய்த சோதனையில், நச்சுயிரியை எதிர்த்துத் தாங்கும் திரிபு அந்நச்சுயிரியைச் சந்திக்கு முன்னரே சிலவற்றில் தோன்றிவிடுகின்றது. இடர் வந்த பின்னர் அதற்கு மாற்றாக வருவதன்று எனத் தெளிவாயிற்று. முன்னறிந்து தந்தான் எனலாமே என ஒருவர் கூறக்கூடும். தீங்கு பயக்கும் திரிபுகளும் பயனில் திரிபுகளும் அவ்வாறே தோன்றக் காண்டலின், நன்மைவழிச் செலுத்துதல் என்னுஞ் சொல் பொருளற்றதாகின்றது.

இனி, டார்வினது உவமையும் குற்றமற்றதன்று. சித்தாந்தம் காரணத்தை முதல், துணை, நிமித்தம் என மூன்றாக வகுக்கும். குடத்திற்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். டார்வினது உவமையில் கற்கள் முதற்காரணத்தின் நிலையில் நிற்கின்றன. கட்டடக்காரன் நிமித்தகாரணத்தின் நிலையில் நிற்கின்றான். ஆனால் அவன் குறிப்பது இயற்கைத் தேர்வை அன்றோ? இயற்கைத் தேர்வு அறிவுடைப் பொருளன்று. வாழத்தக்கன வாழ்ந்து பெருகுதலும் அல்லன குன்றுதலுமாகிய நிகழ்ச்சியே அது. அறிவில்லாததனை அறிவுடைய கட்டடக்காரனாக வைத்த அளவில் உவமை பொருளைக் கடந்துவிட்டது. உண்மையில் இயற்கைத் தேர்வு திகிரியின் இனம், குயவனின் இனமன்று. டார்வின் துணைக்காரணத்திற்கு நிமித்தகாரணத்தின் வேடம் புனைந்தார். கிரே நிமித்தகாரணனை இழுத்துவந்து துணைக்காரணங்களின் வரிசையில் ஒருவனாக நிறுத்தினார். வரிசையில் நிறுத்தப்பட்டவன், அவ்வரிசையின் வெற்றிடம் நிரம்பியவுடன் வெளியேற்றப்படுதல் இயல்பே. பரம்பரைக் கூறுகளைப் பற்றிய மெண்டலின் ஆராய்ச்சி 1900-இல் மீண்டும் வெளிப்பட்டும், அக்கூறுகளைத் தாங்கும் பொருளின் அமைப்பு 1953-இல் அறியப்பட்டும் அவ்வெற்றிடம் சிறிது சிறிதாக நிரம்பிற்று.

மெய்கண்டார் சிவஞானபோத முதற்சூத்திரத்தில் இறைவனுண்மை நாட்டும் முறை இதனின் வேறானது. கண்ணின் அமைப்பு, சிறகின் அமைப்பு என்றிவற்றின் நுட்பத்தைக் காட்டி அவர் வாதிப்பதில்லை. பகுதிப்பட்டு நிற்பதாகிய உலகம் தோன்றல், நிற்றல், ஒடுங்கல் என்னும் முத்தொழிற்படுதலையும், சடமாதலின் தானே அங்ஙனம் ஆகமாட்டாமையையும் ஏதுவாகக் கொள்வர். சூனியத்தினின்று படைத்தல் அவர்க்கு உடன்பாடன்று. உள்ளது தோன்றும் என்னும் சற்காரியமே உடன்பாடு. முதற்காரணம் மாயை. ஆகவே இனங்கள் தனித்தனியே தோன்றினும், ஒன்றன் வழி ஒன்று தோன்றினும், முதற்சூத்திரத்தின் ஏது அசைவதில்லை. பேலியின் கடிகாரத்தை வீழ்த்திய அடி இவ்வாதத்தின்மேற் படவில்லை. இதனை நோக்காது, அக்கடிகாரத்தையே இரவலாக வாங்கிச் சைவ மேடையில் வைத்துப் பேசுவார் பலர். பிறர் மனையில் இடிந்த சுவரைத் தம் மனைக்குத் தூணாக்கும் செயல் அது.

அடி படவில்லை எனவே வெற்றி கிடைத்துவிட்டது எனலுமாகாது. சடம் தன் இயல்பாலேயே திரியும், ஏவுவான் வேண்டா என்னும் உலகாயதர் வாதம் மிகப் பழையது. மெய்கண்டாரும் அவர் வழியினரும் எதிர்கொண்டது. அவ்வாதம் இன்றும் நிற்கின்றது. அதனோடு பொருதற்குரிய களம் அளவைநூற் களமே. புதைபடிவங்களும் புறாக்களும் அக்களத்தில் எப்பக்கத்துக்கும் சான்று கூறா.

இறைவன் தொழில் செய்யும் முறைக்குச் சித்தாந்தம் காட்டும் ஞாயிற்றுவமை ஈண்டு நினைவுகூரத் தக்கது. ஞாயிறு விகாரமின்றி நிற்க, அதன் முன்னிலையில் ஒரு தாமரை அலரும், ஒன்று அலரும் பதத்தில் நிற்கும், மற்றொன்று வாடும். ஒவ்வோர் இதழையும் ஞாயிறு விரல்கொண்டு விரிப்பதில்லை. கிரேயின் இறைவனோ இதழ்தோறும் விரல் வைப்பவன். விரலின் தடத்தைக் காணாத டார்வின் ஞாயிற்றையே ஐயுற்றார். 1860 மே மாதம் கிரேக்கு எழுதிய திருமுகத்தில், விதிகள் கருதி வகுக்கப்பட்டனவாக, அவற்றின் சிறுவிளைவுகள் தற்செயலுக்கு விடப்பட்டனவாக எண்ணத் தோன்றுகின்றது. அதுவும் மனத்துக்கு நிறைவு தருவதில்லை என்னும் கருத்துப்பட அவர் கூறுவர்.

இவ்விடத்தில் வேறொரு வகை இணக்கவுரையையும் ஆராய்தல் வேண்டும். திருவாசகத்துச் சிவபுராணத்தில் உயிர் எடுத்த பிறவிகள் எண்ணப்படுதலைக் காட்டி, டார்வினுக்கு ஆயிரமாண்டு முன்னரே மணிவாசகர் பரிணாமம் உரைத்தார் என்பர் சிலர். இது பாட்டுக்கும் சிறப்பன்று, அறிவியலுக்கும் பொருந்துவதன்று. ஆண்டுக் கல் பறவைக்கும் பாம்புக்கும் பின் வைக்கப்பட்டுள்ளது. மனிதர்க்குப் பின் பேயும் அசுரரும் தேவரும் வருகின்றனர். முதற்கண் நிற்கும் புல்லோ, மண்ணின் படிவுகளிற் காணுங்கால், மீனுக்கும் ஊர்வனவற்றுக்கும் மிகப் பிற்பட்டது. அன்றியும், அப்பாட்டிற் பேசப்படுவது ஓருயிர் பல உடம்புகளிற் புக்கு எய்த்த வருத்தம். டார்வின் பேசுவது உடம்புகளின் மரபு. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுப்பதும் தரவரிசையே, கொடிவழியன்று. 'பரிணாமம்' என்னும் ஒரு சொல், பால் தயிராதலுக்கும் இனம் திரிதலுக்கும் பொதுவாக வழங்கப்பட்டமையும் இம்மயக்கத்திற்கு ஒரு காரணம். வேர்வையிற் பிறப்பன எனச் சுவேதசம் என்றொரு வகை நூல்களில் எண்ணப்படுதலைக்கூட அறிவியலாக்க முயல்வாருளர். அழுகிய இறைச்சியிற் காணும் புழுக்கள் ஈயின் முட்டையிலிருந்து வருவன என ரெடி என்பார் 1668-லேயே காட்டிவிட்டார். அவ்வகுப்பு, கண்டாங்குக் கொண்ட அக்கால வழக்கு எனச் சொல்லுதலால் சைவத்துக்கு யாதும் இழுக்கில்லை.

டார்வினை உண்மையில் வருத்தியது அமைப்பின் நியாயமன்று, உயிர்களின் துன்பமே. உயிரோடிருக்கும் கம்பளிப்புழுவின் உடலுள் தன் குஞ்சு தின்று வளருமாறு முட்டையிடும் குளவியையும், எலியை வைத்து விளையாடும் பூனையையும் அதே திருமுகத்திற் சுட்டி, அருளுடையான் ஒருவன் கருதி இவற்றைப் படைத்தான் எனத் தம்மால் துணிய இயலவில்லை என்றார். கிரேயின் உரை மிகவும் மெலிந்து காணப்படுவது இங்கேதான். திரிபுதோறும் கருத்து உண்டென்றவர் குளவியின் ஊசிக்கும் கருத்துக் கூறக் கடமைப்பட்டவர். சித்தாந்தம் உடம்பும் உலகமும் உயிர்களின் மலபரிபாகத்தின் பொருட்டு, அவ்வவற்றின் கன்மத்துக்கேற்பக் கூட்டப்படுவன என்னும். துன்பம் இறைவனது விருப்பின் விளைவாகாது என்றளவில் இவ்விடை கிரேயினதினும் உறுதியுடையது.

ஆயின் கன்மத்தை நுழைத்தவுடன் சித்தாந்திக்கும் ஒரு முடிச்சு உண்டாகின்றது. இந்நிலவுலகில் உயிர்வாழ்க்கை தோன்றி 350 கோடி ஆண்டுகட்குக் குறையாது. இற்றை மனித இனத்தின் எலும்புகளோ ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டனவாகக் கிடைத்தில. மானுடப் பிறவிக்குரிய கன்மமுடைய உயிர்கள் அதற்கு முன் எங்கு நின்றன எனின், அண்டங்கள் பல என்னும் ஆகமவழி விடை உண்டு. அது நூலளவையாற் கொள்வார்க்கே உரியது. கடினமானது மற்றொன்று. பரிணாமக் கொள்கைப்படி எந்தத் தாயும் தன் இனமல்லாத மகவை ஈன்றதில்லை. மனிதரல்லாதார்க்கும் மனிதர்க்கும் இடையே ஒரு தலைமுறையிற் கோடு கிழிக்க இயலாது. சித்தாந்தமோ, சரியை முதலிய நாற்பாதங்களுக்கு உரிய பிறவி எனவும் அல்லாத பிறவி எனவும் பகுத்தே பேசும். கலை, வித்தை முதலிய தத்துவங்களால் உயிரின் அறிவு சிறிது சிறிதாக விளங்கும் என்னுங் கொள்கை இப்பகுப்பைப் படிப்படியான ஒன்றாகக் கொள்ள இடந்தருமா, தராதா என்பதே கிரே தொடங்கிய வழக்கில் சித்தாந்தப் புலவர் எடுத்து விடுக்க வேண்டிய வினா.