தீப்பற்றாத கூரையும் தணியாத வெக்கையும்

எளியவர்களின் வீட்டுக்கு வெளிப்புறத்தில் எந்தப் பொருளை இடுவது என்ற விசாரம் நம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் கூரையைப் பற்றிய விசாரமாகவே இருந்து வந்திருக்கிறது; ஏனெனில் மண்சுவரும் செங்கற்சுவரும் நெருப்புக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை, கீற்றுக் கூரையே முதலில் பற்றுகிறது. பங்குனி சித்திரையில் சருகாகக் காய்ந்துவிட்ட தென்னங்கீற்றின் மேல் அடுப்புப் பொறி ஒன்று விழுந்து, காற்று அதை வரிசையாக அடுத்தடுத்த கூரைகளுக்குக் கொண்டுபோக, ஒரு தெரு முழுவதும் சிறிது நேரத்தில் சாம்பலாவதும், உயிர் தப்பியவர்கள் கருகிய டிரங்குப் பெட்டியைக் குச்சியால் கிளறி ரேஷன் அட்டையையும் வீட்டுப் பட்டாவையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் தேடுவதும் பல ஊர்கள் அறிந்த துயரம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரையில் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோனது. அதன் பிறகு கீற்றுக்குப் பரிந்து பேச எவருக்கும் வாய் எழவில்லை.

ஆகையால், கீற்றைக் களைந்து தீப்பற்றாத பொருளால் வீட்டை மூட வேண்டும் என்ற கொள்கையின் அடிப்படை முற்றிலும் நியாயமானது. 1970-இல் அமைந்த குடிசை மாற்று வாரியமும், 2010-இல் தொடங்கிய கலைஞர் வீட்டுவசதித் திட்டமும், குடிசையின் இடத்தில் நிலையான வீட்டை வைக்க முயன்றவையே. ஒழுங்காகப் போட்ட கான்கிரீட் தளம் எரிவதில்லை. கம்பிக்கு மேல் போதிய பூச்சுக் கனம் இருக்குமானால், நெடுநேரம் தீயைத் தாங்கி, உள்ளிருப்பவர் வெளியேற அவகாசமும் தருகிறது. வருஷந்தோறும் கீற்று மாற்றும் செலவும், மழைக்கு முன் வேய வேண்டிய அவசரமும் ஒழிந்துபோகின்றன.

ஆனால் கான்கிரீட்டுக்குப் பணமில்லாதவர் நாடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நாம் அவ்வளவு எளிதாக ஏற்றுவிடலாகாது. மலிவு, இலேசு, ஒரே நாளில் வேலை முடியும் சௌகரியம் ஆகிய மூன்றும் அதன் குணங்கள். அது தானாகப் பற்றிக்கொள்வதுமில்லை. எனினும் கடுஞ்சூட்டில் அது படீரென்று வெடித்துச் சிதறும் இயல்புடையது. அப்போது கூரையே கீழிருப்பவர் மேல் விழும் ஆயுதமாகிறது. அதிலும் கொடியது, துளையிடும்போதும் அறுக்கும்போதும் உடையும்போதும் அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய நார். மூச்சோடு உள்ளே சென்று பல்லாண்டுகளுக்குப் பின் நுரையீரலில் புற்றுநோயை விளைவிக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனம் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் பற்றி எச்சரித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலிருந்தே அதைத் தடைசெய்திருக்க, நம் கடைகளில் அது இன்றும் கூரையாகவே விற்கப்படுகிறது.

எனினும் நம் தேர்வில் மிகப் பெரிய குறை எதுவென்றால், நெருப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு வெயிலை மறந்துவிடுவது. உச்சி வெயிலில் ஷீட்டின் கீழும் கான்கிரீட்டின் கீழும் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தளம் பகலெல்லாம் உறிஞ்சிய சூட்டை இரவில் அறைக்குள்ளேயே இறக்குகிறது. அந்த வெக்கை பொறுக்காத குடும்பம் என்ன செய்கிறது? ஷீட்டின் மேல் தென்னங்கீற்றைப் பரப்புகிறது. மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போடுகிறது. எந்தக் கீற்றை அபாயமென்று இறக்கினோமோ, அந்தக் கீற்றே இன்னும் உயரத்தில், தண்ணீர் எட்டாத இடத்தில் மறுபடி ஏறிவிடுகிறது! வெயிலுக்கு வழி சொல்லாத தீத்தடுப்பு, தானே தீயை மீண்டும் அழைத்துவிடுகிறது.

கீற்றுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நிற்பது ஓடு. சுட்ட மண்ணாதலால் அது எரியாது. ஓடுகளின் இடுக்கு வழியே வெப்பக் காற்றை மேலே போகவிடுவதால் ஓட்டு வீட்டில் வெயில் ஓரளவு தணிகிறது. 1865-இல் பாஸல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் ஓடு தென்னாடெங்கும் பரவியதற்கு இக்குணங்களும் காரணமாகும். ஆயினும் ஓட்டின் கீழுள்ள கைம்மரமும் ரீப்பரும் மரமாயிருக்கும்வரை, உள்ளிருந்து எழும் தீ அவற்றைப் பற்றி, தாங்கியிருந்த ஓடுகளைச் சரித்துவிடும்; பூனை நகர்த்திய ஓடுகளை அவ்வப்போது ஒழுங்குபடுத்தவும் ஆள் வேண்டும். இரும்புச் சட்டத்தில் வேய்ந்தால் மரம் பற்றும் குறை தீரும், செலவு ஏறும்.

ஆகவே என் முடிவு இது: கூரைக்கு முதல் தகுதி எரியாமை, அதோடு சேர்த்தே நோய் தராமையையும் சூடு தணித்தலையும் பார்க்க வேண்டும். கான்கிரீட் வீடு கட்டித் தரும் திட்டங்கள், தளத்தின் மேல் சுண்ணாம்புக் காரையும் தட்டோடும் பதிப்பதற்கு உரிய பணத்தையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். இயலாதவர் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பையாவது தளத்தில் பூசிக்கொள்ளட்டும். புதிதாகக் கூரையிட எண்ணும் வாசகர்கள், ஆஸ்பெஸ்டாஸின் மலிவில் மயங்காமல், கையில் உள்ள பணத்துக்கு ஓடோ கான்கிரீட்டோ எது இசையுமென்று பார்த்து முடிவு செய்ய வேண்டுகிறேன். எக்காரணங்கொண்டும் மொட்டைமாடியில் கீற்றை ஏற்றாதீர்கள்.