'உன்னிடத்தில்' என்னும் ஒரு சொல்

விருதுநகர் வட்டாரத்தின் பெயர் பட்டாசால் மட்டும் பரவவில்லை; 'தலைக்கூத்தல்' என்னும் சொல்லாலும் பரவியது. எண்ணெய் முழுக்கின் பெயரால் முதியோரின் உயிரைப் போக்கும் இக்கொடுமை 2010இல் இம்மாவட்டத்திலிருந்து செய்தியேடுகளில் வெளிவந்து நம்மையெல்லாம் நாணச் செய்தது. இதனைக் கருவாகக் கொண்ட மூன்று திரைப்படங்களை ஒருசேர நோக்கும்போது அவற்றின் சிறப்பும் புலப்படுகிறது. அவை தொடாது விட்ட ஓர் இடமும் புலப்படுகிறது.

பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமெனத் தேசிய விருது பெற்றது. இடுப்பெலும்பு முறிந்த காவலாளி கருப்பசாமியை மகன் ஊருக்குக் கொண்டு செல்ல, அங்கே அவர் தலைக்கூத்தலுக்குப் பலியாகிறார். கொலையைக் கொலையென்றே சொல்லும் துணிவு இப்படத்தின் பெருமை. மதுமிதாவின் 'கே.டி. (எ) கருப்புதுரை' (2019), மயக்கம் தெளிந்து வீட்டைவிட்டு ஓடும் கிழவருக்கு ஒரு சிறுவனின் தோழமையைத் தருகிறது. இனிய படம்; ஆயினும் குடும்பத்தாரைக் கொடியவராக்கி எளிதில் தப்பிக்கொள்கிறது. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'தலைக்கூத்தல்' (2023), நினைவற்றுக் கிடக்கும் தந்தையைக் காக்கப் போராடும் மகனைக் காட்டுகிறது. பராமரிப்பின் விலையை உணர்ந்து எடுத்த படம் இதுவே என்போம்.

இம்மூன்றிலும் வீழ்வது உடல். உடல் நடமாடிக்கொண்டிருக்க, அறிவு மட்டும் நாளுக்கு நாள் கரையும் முதுமை இவற்றில் இடம்பெறவில்லை. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் எடுத்துரைத்த மறதிநோய் அத்தகையது. அதனை அடியோடு நீக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆகவே நோயாளியைக் காப்பது பெரிதும் வீட்டாரின் கைகளே. சிவகாசியில் அக்கைகள் எவை? பட்டாசு ஆலையில் உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் மருமகளின் கைகள். ஆலைக்குள் கைப்பேசிக்கு இடமில்லை. மாமனார் வழிதவறித் தெருவில் திரிந்தால் மாலைவரை அவளுக்குச் செய்தி எட்டாது. வீட்டிலிருந்தாலோ அன்றைய கூலி இல்லை. இந்த இருதலைக்கொள்ளி எறும்பின் நிலையை நம் கலைஞர்கள் காண வேண்டாமா?

திருமறையின் 16ஆம் அத்தியாயம் 70ஆம் வசனம், அறிந்தபின் ஏதும் அறியாது போகும் தள்ளாப் பருவத்தை 'அர்தலுல் உமுர்' என்று குறிக்கிறது. அறிவு நீங்கியோர் மீதிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டது என்பது நபிமொழியின் கருத்து. தொழுகை முதலிய கடமைகள் அவர்களைவிட்டு நீங்குகின்றன. சூழ்ந்திருப்போர் மீதோ எழுதுகோல் எழுதிக்கொண்டே இருக்கிறது. 17ஆம் அத்தியாயம் 23ஆம் வசனத்தின் நடை இன்னும் நுட்பமானது. இறைவனையே வணங்குக என்னும் ஏவல் அங்கே பன்மையில் வருகிறது. பெற்றோர் முதுமையடையும் இடத்தைச் சுட்டும்போது 'இந்தக', அதாவது 'உன்னிடத்தில்', என ஒருமைக்கு மாறுகிறது. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே விளிக்கப்படுகிறது. அண்ணன் பார்ப்பான் என்று தம்பியும், மனைவி பார்ப்பாள் என்று கணவனும் நழுவ இலக்கணமே வழிவிடவில்லை.

பெற்றோரைக் கைவிடுவோருக்கு 3 மாதம்வரை சிறை என 2007ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கைவிட்டவனைச் சட்டம் தண்டிக்கலாம். கைவிடாதவளின் சுமையைப் பகிர அதனால் இயலாது. கொல்பவனையும் கொல்லப்படுபவரையும் திரையில் கண்டுவிட்டோம். 'நீ யாரம்மா?' என்று நாள்தோறும் கேட்கும் முதியவருக்கு முகம் கோணாமல் விடை சொல்பவளை இனி எழுதுக. அவளோடு முறைவைத்துக் கண்விழிக்கும் பிள்ளைகளையும் எழுதுக.