மென்று செய்த வில்

புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. விரலால் தள்ளிவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுவோம். சாக்ஸ்டன் போப் என்ற அமெரிக்க டாக்டர் 1923-ல் எழுதிய 'ஹன்டிங் வித் தி போ அண்ட் ஆரோ' புத்தகத்தில் மட்டும் அந்தப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். வில்வேட்டையைப் பற்றிய புத்தகம் அது. சமர்ப்பணம் யாருக்கு? ராபின் ஹுட்டுக்கு!

ராபின் ஹுட் கதையில் வருகிறவன். போப்புக்கு வில்வித்தையில் ஆசையை மூட்டியவரோ ரத்தமும் சதையுமாக எதிரே நின்றவர். போப்பிடமே வைத்தியம் பார்த்துக்கொண்டு, கடைசியில் காசநோயில் செத்துப்போனவர். அவர் பெயர் இஷி. அதுகூட அவர் பெயர் இல்லை. அவர் மொழியில் இஷி என்றால் மனிதன், அவ்வளவுதான். சொந்தப் பெயரைக் கடைசி வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: வடக்கு கலிபோர்னியாவின் யாஹி மக்களை 1860-களில் வெள்ளைக்காரக் குடியேறிகள் தேடித் தேடிச் சுட்டுக் கொன்றார்கள். மிஞ்சிய ஒரு சிலர் காட்டுக்குள் நாற்பது வருஷம் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1908-ல் சர்வே எடுக்க வந்த கும்பல் ஒன்று அவர்களுடைய குடிசைகளைக் கண்டுபிடித்து, கையில் அகப்பட்ட சாமான்களை ஞாபகார்த்தமாக வாரிக்கொண்டு போனது. நடக்க முடியாத கிழவியான இஷியின் தாய் அங்கேயே கிடந்தாள். 1911 ஆகஸ்ட் 29-ம் தேதி ஓரோவில் ஊரின் கசாப்புக்கூடத்துக்குப் பக்கத்தில் இஷி பிடிபட்டபோது, அவருக்கு என்று ஒருவரும் மிச்சமில்லை. ஆல்ஃபிரட் க்ரோபர் என்ற மானுடவியல் பேராசிரியரின் ஏற்பாட்டில் சான்ஃபிரான்சிஸ்கோ மியூசியத்தில் தங்கவைத்தார்கள். துப்புரவு வேலை, மாதம் 25 டாலர் சம்பளம். பக்கத்து மருத்துவக் கல்லூரியில் சர்ஜனாக இருந்த போப், 1912-ல் அவருக்கு நண்பரானார்.

இனி புத்தகத்துக்கு வருவோம். இரண்டாம் அத்தியாயத்தில் இஷி வில் செய்கிறார். இந்தச் சில பக்கங்களுக்காகவே போப்பை மன்னிக்கலாம் என்று தோன்றும். நீட்டிய கையிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரை, இதுதான் அளவு. டேப் தேவையில்லை, உடம்பே அளவுகோல். போப்பின் கணக்கில் 42 அங்குலம். மலையில் வளரும் ஜூனிப்பர் மரத்தின் கிளையைப் பிளந்து, வெளிப்பக்கத்துக் கட்டையை எடுத்து, மணற்கல்லில் தேய்த்து உருவம் கொண்டுவருகிறார். சூடான கல்லின் மேல் வைத்து இரண்டு நுனிகளையும் பின்பக்கமாக வளைக்கிறார். அப்புறம் இருட்டான, ஈரமில்லாத இடத்தில் காயப் போடுகிறார். எவ்வளவு நாள்? மாதக் கணக்கில், சமயத்தில் வருஷக் கணக்கில்!

அடுத்தது பசை. நம்மூர் ஆசாரிகள் தோலிலிருந்து வஜ்ஜிரம் காய்ச்சியது போல இஷி சால்மன் மீனின் தோலைக் காய்ச்சுகிறார். அதை வில்லின் முதுகில் பூசுகிறார். முதுகு என்பது எய்கிறவரைப் பார்க்காத பக்கம். மானின் கால் தசைநாரை, அதாவது கறிக்கடையில் நரம்பு என்று ஒதுக்கிப் போடுகிறார்களே அதை, வாயில் போட்டு மெல்லுகிறார். மென்று மென்று நார் நாராகப் பிரித்து, முனையோடு முனை மேலேற்றி, முதுகு முழுக்கக் கனமாக ஒட்டுகிறார். வில்லோ மரப்பட்டையால் இறுக்கிக் கட்டிக் காயவிடுகிறார். சில நாள் கழித்துக் கட்டை அவிழ்த்துத் தேய்க்கிறார். நாணும் மான் தசைநார்தான், அதுவும் வாயில் மென்றதுதான்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. வில்லை இழுத்தால் அதன் வயிற்றுப்பக்கம் நசுங்கும், முதுகுப்பக்கம் நீளும். குட்டை வில்லாக இருந்தால் அதிகம் வளையும், முதுகு இன்னும் நீள வேண்டியிருக்கும். மரம் அந்த அளவுக்கு நீளாது, படக்கென்று முறியும். தசைநாரோ மரத்தைவிடப் பல மடங்கு நீண்டு கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். காயும்போது அது சுருங்கி, வில்லையே முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும். ஆகவே நாண் ஏற்றும் முன்பே வில்லுக்குள் விசை தயார்!

போப் இதையெல்லாம் ஆபரேஷன் குறிப்பு மாதிரி துல்லியமாக எழுதுகிறார். அலங்காரமே கிடையாது. கை என்ன செய்தது, அடுத்து என்ன செய்தது, அவ்வளவுதான். படிக்கிறவன் ஒரு மரக்கட்டையைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவான். இந்த ரகத்து எழுத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

சிக்கல் அதற்கப்புறம்தான். மூன்று அத்தியாயங்களில் இஷியை முடித்துவிட்டு, போப் ஐந்தாவதில் இங்கிலீஷ்காரர்களின் யூ மரத்து நீள வில்லை எப்படிச் செய்வது என்று பாடம் நடத்துகிறார். உலகத்து வில்களை எல்லாம் தூரத்தையும் வேகத்தையும் வைத்து எடைபோடுகிறார். நீள வில்தான் ஒசத்தி. இஷியின் வில் சுவாரசியமான பழம்பொருள். நடுநடுவே காட்டுமிராண்டி என்கிற அர்த்தத்தில் ஒரு சொல் வேறு வந்து விழுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தீர்ப்புக்கு எதிரான சாட்சி அவருடைய மூன்றாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. இஷி மான் தலையை மாட்டிக்கொண்டு மானை ஏமாற்றிப் பக்கத்தில் வரவைக்கிறார். அடிபட்ட முயல் போலக் குரல் கொடுத்து இரையைக் கூப்பிடுகிறார். புதருக்குள் குந்தியபடி எய்கிறார். குந்தியிருக்கிறவனுக்கு ஆள் உயர வில் எதற்கு சார்? அம்பு எவ்வளவு தூரம் போகும் என்பது அவருடைய கேள்வியே இல்லை. எவ்வளவு கிட்டத்தில் போக முடியும் என்பதுதான் கேள்வி. அதற்கான சரியான பதில் அந்த 42 அங்குலம். போப் பார்த்ததையெல்லாம் எழுதினார். எழுதியதை அவரே திரும்பப் படிக்கவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று. வில்லை நிறுத்தி வைத்தால் அது வேலை செய்துகொண்டே இருக்கும், வியர்த்துக் களைத்துப்போகும், படுக்கத்தான் வைக்க வேண்டும் என்று இஷி சொல்வாராம். மூடநம்பிக்கை வரிசையில் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் நாண் ஏற்றியபடியே விட்ட மரவில் தளர்ந்துபோகும் என்பதை இன்று வில் செய்கிறவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

இஷியைப் பற்றி உலகம் அதிகம் படித்தது வேறு புத்தகம். க்ரோபரின் மனைவி தியடோரா 1961-ல் எழுதிய 'இஷி இன் டூ வேர்ல்ட்ஸ்'. அவர் இஷியை நேரில் பார்த்ததே இல்லை. படுகொலைகளை அவர் வரிசைப்படுத்தும் முதல் பாதி உலுக்கிவிடும். மியூசியத்துக்குள் வந்த பிறகு எழுத்தில் ஒரு கனிவு கூடுகிறது, எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். 1990-களில் ஸ்டீவன் ஷாக்லி என்ற ஆய்வாளர், இஷி செதுக்கிய அம்புமுனைகள் யாஹி பாணியைவிட அண்டை இனத்தாரின் பாணிக்கே நெருக்கம் என்று காட்டினார். 'கடைசி யாஹி' என்று புத்தகங்கள் ஒட்டிய சீட்டைத் தாண்டி, அவர் கை வேறு ஏதோ சொல்லியிருக்கிறது.

1916 மார்ச் 25-ல் இஷி இறந்தார். நியூயார்க்கில் இருந்த க்ரோபர், உடலை அறுக்காதீர்கள், அறிவியல் நாசமாய்ப் போகட்டும் என்கிற தொனியில் எழுதிய கடிதம் தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் அறுத்துவிட்டார்கள். மூளையைத் தனியே எடுத்து வைத்தார்கள். அதை 1917-ல் ஸ்மித்சோனியனுக்கு அனுப்பியதும் அதே க்ரோபர்தான்! 2000-ல்தான் அது அவருடைய உறவு இனத்தாரிடம் திரும்பி வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகம் 2021-ல் ஒரு கட்டடத்திலிருந்து க்ரோபரின் பெயரை எடுத்துவிட்டது.

போப்பின் புத்தகம் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் மூன்று அத்தியாயங்களை நிதானமாகப் படியுங்கள். மற்றதைப் படித்தாலும் சரி, விட்டாலும் சரி. அந்தப் பக்கங்களைப் பார்த்து இன்றைக்கும் யாராவது ஒருவர் தசைநார் ஒட்டிய வில்லைச் செய்துவிட முடியும். அந்த அளவுக்கு போப் நேர்மையானவர். ஆனால் அது யார் வில் என்று கேட்டால், சமர்ப்பணப் பக்கத்தில் பதில் இல்லை. இஷியின் உடலை எரித்தபோது கூடவே ஒரு வில்லையும் ஐந்து அம்புகளையும் வைத்தார்கள்.