பயான் இருக்க, கதை எதற்கு?

தரம் 10 பிள்ளைகள் தெரிவுப் பாடங்களைக் குறித்துத் தரும் காலம் அது. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தமிழ் இலக்கிய நயத்துக்கு அடையாளமிட்டிருந்தாள். அடுத்த நாளே அவளுடைய வாப்பா பாடசாலைக்கு வந்துவிட்டார். மீன் வியாபாரி. காலைச் சந்தையை முடித்து, குளித்து, வெள்ளைச் சாரன் கட்டி வந்திருந்தார்.

“டீச்சர், சித்திரமெண்டா லேசா ஏ எடுக்கலாமாம். இந்த இலக்கியத்தப் படிச்சி இவள் என்னத்தக் காணப்போறாள்?”

பல வருடங்களாகத் தமிழ் படிப்பிப்பவள் நான். வழக்கமான பதில் நாவிலேயே இருந்தது. “இலக்கியம் மனிசரப் பண்படுத்தும். புள்ளைக்கு நல்லொழுக்கம் வரும்” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுக்குத்தானே மத்ரஸாவுக்கு அனுப்புறம். வெள்ளிக்கிழமை குத்பா இருக்கு. பொம்புளைகளுக்கு பயானும் நடக்குது. அங்க சொல்லாத எதய இந்தப் புத்தகம் சொல்லப்போகுது?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் இலக்கியத்தை இழிவாகப் பேசவில்லை. நான் சொன்ன காரணத்தைத்தான் உடைத்துப் போட்டார். அதை உடைத்தது சரி என்றே இன்று நினைக்கிறேன்.

நமது சமூகத்தில் இலக்கியத்துக்காக வாதாடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வாதங்களையே வைக்கின்றோம். முதலாவது, நான் அன்று சொன்ன நல்லொழுக்க வாதம். இரண்டாவது, மார்க்கம் இதை அனுமதிக்கிறது என்ற வாதம். ஸூரத்துஷ் ஷுஅரா கவிஞர்களைக் கண்டித்துவிட்டு, ஈமான் கொண்டு நல்லமல் செய்வோருக்கு விலக்கும் அளிப்பதை எடுத்துக் காட்டுகிறோம். ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரழி) அவர்களுக்கு நபிகளாரின் பள்ளிவாசலிலேயே மிம்பர் வைக்கப்பட்டதை நினைவூட்டுகிறோம். இவை உண்மையே. ஆனால் ஒன்று ஆகுமானது என்று காட்டுவது வேறு. அது அவசியமானது என்று காட்டுவது வேறு. அந்த வாப்பா கேட்டது இரண்டாவதை.

இந்தக் கேள்வியோடு நான் முதலில் போய் நின்றது அறிஞர் சித்திலெப்பையிடம். 1838இல் கண்டியில் பிறந்த அவர் ஒரு சட்டத்தரணி. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். பாடசாலைகள் திறந்தார், பெண்பிள்ளைகளின் கல்விக்காகவும் பாடுபட்டார். சமூகத்துக்கு எதைச் சொல்ல வேண்டுமென்றாலும் சொல்வதற்கு அவர் கையில் பத்திரிகை இருந்தது. ஆங்கிலக் கல்வியில் நமக்கிருந்த பயத்தைப் பற்றி அவர் கட்டுரையாக எழுதிக்கொண்டும் இருந்தார். அப்படிப்பட்ட மனிதர் 1885இல் உட்கார்ந்து ‘அசன்பேயுடைய கதை’ என்றொரு நாவலை ஏன் எழுதினார்? அதற்கு அவருக்கு நேரம்தான் எப்படி வந்தது?

ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று அதைப் பரீட்சைக்காக மனனம் செய்கிறோம். யாரும் திறந்து பார்ப்பதில்லை. குழந்தையிலேயே களவாடப்பட்ட எகிப்துப் பிரபு வீட்டுப் பிள்ளை ஒன்று பம்பாயில் வளர்கிறது. கல்கத்தா வரை போகிறது. பல ஆபத்துகளைக் கடந்து பிறந்த மண்ணுக்கும் பெற்றோரிடமும் திரும்புகிறது. இலங்கை இந்தக் கதையின் களமல்ல. ஆனால் அக்கால வாசகனுக்கு எகிப்து தூரத்து ஊருமல்ல. பிரித்தானியரிடம் தோற்ற ஒராபி பாஷாவும் தோழர்களும் 1883இல் நாடுகடத்தப்பட்டு இங்கேதான் வந்திருந்தார்கள்.

‘ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடாது’ என்று பத்திரிகை நூறு தடவை சொல்லலாம். பயப்படுகிறவன் நூறு தடவையும் தலையாட்டிவிட்டு, பிள்ளையை வீட்டில் வைத்திருப்பான். சித்திலெப்பை கதையில் செய்தது வேறு வேலை. ஆங்கிலம் கற்று, அந்நியர் மத்தியில் வாழ்ந்து, தன் மார்க்கத்தையும் விடாத ஒரு வாலிபனை வாசகனுக்குக் கூட்டாளியாக்கினார். சில மணி நேரம் அவனோடு நடந்தவனுக்கு, அப்படியொரு வாழ்வு மனத்தளவில் நடந்து முடிந்துவிட்டது. புத்திமதி அறிவுக்குப் போகிறது. பயம் அங்கே குடியிருப்பதில்லை. நாவலாக அதில் குறைகள் உண்டு. தற்செயல்கள் அதிகம், பாத்திரங்களுக்குள் ஆழம் குறைவு. ஆனால் ஆசிரியத் தலையங்கம் போக முடியாத இடம் ஒன்று உண்டு என்பதை அதை எழுதியவர் அறிந்திருந்தார்.

அடுத்த உதாரணம் நமக்குக் கிட்டியது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. செய்தி அவ்வளவுதான். கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் அதை வைத்து ‘புத்தரின் படுகொலை’ எழுதினார். அக்கவிதையில் சுடப்பட்டு நூலகப் படிக்கட்டில் கிடப்பவர் புத்தர். கொன்றவர்கள் அந்த உடலை நூல்களால் மூடி எரிக்கிறார்கள்.

இங்கே நான் கவனிப்பது ஒன்றுண்டு. எழுதியவர் முஸ்லிம். எரிந்தது பெரும்பாலும் தமிழரின் அறிவுச் சொத்து. அவர் சாட்சிக்கு அழைத்தது, எரித்தவர்களே வணங்கும் புத்தரை. மூன்று சமூகங்கள் ஒரு சிறு கவிதைக்குள் நிற்கின்றன. ‘நீ என்னை அழித்தாய்’ என்று அது குற்றம் சாட்டியிருக்கலாம். சாட்டியிருந்தால் எரித்தவன் காதைப் பொத்தியிருப்பான். ‘நீ வணங்குபவரையே கொன்றுவிட்டாய்’ என்று சொன்னபோது, அவன் தன் வேதத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறான். எந்த மகஜரும் இதைச் செய்யாது.

இந்த அளவுகோலை நம்மீது வைத்துப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வருகிறது. 2020இல் கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. இருபது நாள் சிசுவும் தப்பவில்லை. அடக்குவதற்கு அனுமதி வந்தது 2021இல்தான். அந்த நாட்களில் நம்மவர் எழுதிய கவிதைகள் ஏராளம். கொழும்பில் பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டியவர்களில் பிற மதத்தவரும் இருந்தார்கள். கபன் சீலையின் அர்த்தம் அவர்களுக்கு விளங்கியிருந்தது. அந்தத் துண்டுத் துணியும் ஒரு கவிதைதான் என்பேன். நமது துக்கத்துக்குள் அவர்கள் வந்துபோனார்கள்.

நாம் போனோமா? 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் நம் பெயர் வைத்திருந்தவன். அதன்பிறகு நமக்கு நேர்ந்த சோதனைகள், பர்தா பிடுங்கல்கள், கைதுகள் பற்றி நாம் எழுதினோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய் ஒருத்தியின் வீட்டுக்குள் நுழைந்து, அவளுடைய ஞாயிற்றுக்கிழமையை எழுதிய நமது கதைகள் எத்தனை? நான் வாசித்தவரையில் மிகக் குறைவு. கண்டன அறிக்கைகள் வந்தன. அறிக்கை, ‘அது நாங்களல்ல’ என்று சொல்லும். அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார அதற்குத் தெரியாது. நமது மேடைகளில் பொன்னாடைகளுக்குக் குறைவில்லை. இந்தக் கேள்வியை நூல் வெளியீட்டில் கேட்டால் விழா கெட்டுவிடும் என்று நானும் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளை கடைசியில் சித்திரம்தான் எடுத்தாள். அதில் பிழையில்லை, அதுவும் கலைதான். வாப்பாவுக்கு நான் கொடுக்க வேண்டிய பதில் மட்டும் கடனாக நிற்கிறது. இப்போது வந்தால் இப்படிச் சொல்வேன்:

“எப்பிடி நடக்கவேணுமெண்டு உங்கட புள்ளைக்கு பயான் சொல்லித் தரும். அது போதும், அந்த வேலைக்குக் கத தேவல்ல. ஆனா நாளைக்கி இவள் கம்பஸுக்கோ வேலைக்கோ போனா, பக்கத்தில ஒரு சிங்களப் புள்ள இருப்பாள், ஒரு தமிழ்ப் புள்ள இருப்பாள். அவள்ர வீட்டில என்ன நடந்திச்செண்டு இவளுக்குத் தெரியணும். இவள்ர வீட்டில என்ன நடந்திச்செண்டு அவளுக்கும் தெரியணும். அத ஆரு சொல்லிக் குடுக்கிற?”

அவர் ஒத்துக்கொள்வாரோ தெரியாது. ஆனால் யோசிப்பார். அன்றைக்கும் என் பதிலைக் கேட்டு யோசித்தவர் அவர்தான். நான் பாடமாக்கியதைச் சொன்னேன்.