'என்றால்' தெரிந்த கால்குலேட்டர்

ஃபோனுக்கு விமர்சனம் உண்டு, சினிமாவுக்கு உண்டு, புதுசாகத் திறந்த பிரியாணிக் கடைக்குக்கூட உண்டு. கால்குலேட்டருக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்கள் நான்கு வருடம் கையோடு வைத்திருந்த பொருள் அது. ஆனாலும் அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ யாரும் ஒரு பத்தி எழுதிப் பார்த்ததில்லை. சீனியர் சொன்னார், கேசியோ 991 வாங்கினோம், மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் நாலு சூத்திரம் எழுதினோம், அவ்வளவுதான். அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கலாம் என்றே நமக்குத் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரை அப்படித் தேர்ந்தெடுப்பதைப் பற்றியது. விளையாடவும், விளையாட்டை நாமே எழுதவும் ஒரு வரைபடக் கால்குலேட்டர் வாங்குவதென்றால் எதை வாங்கலாம்? கேட்டால் சிரிப்பு வரும். கையில் ஃபோன் இருக்கிறது, மடியில் லேப்டாப் இருக்கிறது, கால்குலேட்டரில் யார் விளையாடுவார்கள்? ஆனால் அமெரிக்காவிலும் ஃப்ரான்ஸிலும் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் முதல் நிரலை எழுதியது கம்ப்யூட்டரில் அல்ல, கணக்கு வகுப்பில் மேஜைக்கடியில் ஒளித்து வைத்திருந்த இந்தக் கருவியில். இங்கே அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதும், நடந்த இடங்களில் அது பிறகு என்ன ஆனது என்பதும் ஒரே கதையின் இரண்டு பாதிகள்.

விரலே சுழற்சி

முதலில் 991-க்கு ஒரு நியாயம் செய்துவிடலாம். அது முட்டாள் கருவி அல்ல. 1 என்று அடித்து சமக்குறியைத் தட்டுங்கள். பிறகு (ஆன்ஸ் + 2 ÷ ஆன்ஸ்) ÷ 2 என்று அடித்து சமக்குறியைத் தட்டிக்கொண்டே போங்கள். 1.5 வரும், 1.416666667 வரும், 1.414215686 வரும், நாலாவது தட்டில் 1.414213562. இரண்டின் வர்க்கமூலம். வர்க்கமூலப் பொத்தானைத் தொடவே இல்லை.

இன்னொன்று. 0.5-இல் தொடங்கி, 3.9 × ஆன்ஸ் × (1 − ஆன்ஸ்) என்று போட்டுத் தட்டுங்கள். 0.975, 0.0950625, 0.3355 என்று எண்கள் துள்ளிக்கொண்டே இருக்கும், எங்கேயும் நிலைகொள்ளாது. 3.9-க்குப் பதில் 2.9 போட்டால் கொஞ்ச நேரம் தள்ளாடிவிட்டு ஒரே இடத்தில் அடங்கிவிடும். கேயாஸ் கோட்பாட்டின் பிரபலமான உதாரணம் இது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கருவியில், பின்பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்த்துவிடலாம்.

இதில் ஒரு சுழற்சி இருக்கிறது. அதைச் சுற்றுவது உங்கள் விரல். 991 வாய்ப்பாட்டை வைத்துக்கொள்ளும், விடையை வைத்துக்கொள்ளும், தற்செயல் எண்கூடத் தரும். ஆனால் 'விடை ஐந்தைத் தாண்டிவிட்டது என்றால் நிறுத்து' என்று அதனிடம் சொல்ல முடியாது. அந்த 'என்றால்' நம் தலைக்குள்தான் இருக்க வேண்டும். விளையாட்டு என்பது அந்த ஒரு சொல்தான். சுவரில் மோதினால் சாவு, பழத்தைத் தின்றால் வளர்ச்சி. 'என்றால்' தெரியாத கருவியில் கணக்குப் போடலாம், விளையாட்டு எழுத முடியாது.

991 இப்படி இருப்பது தற்செயல் அல்ல. நம் பல்கலைக்கழகத் தேர்வு அறைகளில் நிரல் எழுதக்கூடிய கால்குலேட்டருக்கு இடமில்லை. ஜேஇஇ-யில் எந்தக் கால்குலேட்டரும் கூடாது. கேட் தேர்வில் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தருகிறார்கள், மவுஸால் ஒவ்வொரு பொத்தானாக அமுக்க வேண்டும். ஆக, எந்தக் கருவி நம் கைக்கு வரலாம் என்பதைத் தேர்வு முடிவு செய்தது. தேர்வுக்குப் பிடித்த கருவி எது? அறைக்குள் நுழையும்போது எதையும் நினைவில் வைத்திருக்காத கருவி.

அட்டையும் பிக்சலும்

நான் செவிலிமேட்டுக்காரன். காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதும் எந்தக் கம்ப்யூட்டர்காரனும் இந்த இடத்தில் ஜக்கார்டு தறியைக் கூப்பிட்டுவிடுவான். துளையிட்ட அட்டை, துளை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம், ஆகவே நெசவாளர்தான் முதல் புரோகிராமர். கேட்க இனிமையாக இருக்கும், கைதட்டலும் விழும். ஆனால் அந்த ஒப்புமையைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

பாதி சரிதான். அன்னமோ மாங்காயோ யாளியோ, முதலில் கட்டம் போட்ட தாளில்தான் வரையப்படுகிறது. எங்கள் பக்கம் அந்தத் தாளுக்குப் பேரே கிராஃப். ஒவ்வொரு கட்டமும் ஒரு முடிவு: இந்த இடத்தில் பாவு இழை மேலே எழ வேண்டுமா, வேண்டாமா. ஒரு வரிசைக் கட்டங்கள் ஓர் அட்டையில் துளைகளாகின்றன. அட்டைகளை வரிசையாகக் கோத்துப் பெட்டியில் மாட்டினால், ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை திரும்பும். கால்குலேட்டர் விளையாட்டில் ஓர் உருவம் வரைவதும் இதே வேலை. எட்டுக்கு எட்டு கட்டத்தில் ஒரு குட்டி விண்கலம் என்றால் எட்டு பைட். எட்டுத் துளைக்கு இடமுள்ள எட்டு அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். புட்டா போட்டுப் பழகிய கண்ணுக்கு இதில் புதுசாக ஒன்றும் இல்லை.

மீதிப் பாதி இது. ஜக்கார்டுக்கும் 'என்றால்' தெரியாது. அட்டை எந்த வரிசையில் கோக்கப்பட்டதோ அதே வரிசையில்தான் வரும். இழை அறுந்தால் நிறுத்துவது, முடிச்சுப் போடுவது, பழையபடி எந்த அட்டையிலிருந்து தொடங்குவது என்று பார்ப்பது எல்லாம் தறிக்காரர் வேலை. தறிக்கு நினைவு உண்டு, முடிவெடுக்கத் தெரியாது. 991-க்கு நினைவும் கொஞ்சம்தான், முடிவெடுக்கவும் தெரியாது. இரண்டிலும் 'என்றால்' இயந்திரத்துக்கு வெளியே, மனிதரிடம் இருக்கிறது. அந்தச் சொல்லை இயந்திரத்துக்குள் எழுதி வைத்துவிட்டு நாம் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான் நிரல் எழுதுவது. அது முதல்முறை நடக்கும்போது வரும் சின்னத் திடுக்கிடலுக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

மேஜைக்கடியில் ஒரு பள்ளிக்கூடம்

கேசியோ 1985-இல் எஃப்எக்ஸ்-7000ஜி என்ற முதல் வரைபடக் கால்குலேட்டரைக் கொண்டுவந்தது. நிரலுக்கு அதில் இருந்த இடம் 422 பைட். இந்தப் பத்தியே அதற்குள் அடங்காது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1990-இல் டிஐ-81-உடன் வந்து, அமெரிக்கப் பள்ளிகளைப் பிடித்துக்கொண்டது.

அந்த வரிசையில் பலரும் முதல் நிரல் எழுதியது டிஐ-83 பிளஸ்ஸிலும் (1999) டிஐ-84 பிளஸ்ஸிலும் (2004). கறுப்பு வெள்ளைத் திரை, 96-க்கு 64 புள்ளிகள். மொத்தம் 6,144. எழுத்துகளாக என்றால் 8 வரிசை, வரிசைக்கு 16 எழுத்து. நமக்குக் கிடைக்கும் ரேம் 24 கிலோபைட். 83 பிளஸ்ஸின் இசட்80 சில்லு 6 மெகாஹெர்ட்ஸில் ஓடும், 84 பிளஸ்ஸில் 15.

டிஐ-பேசிக் மொழியில் 'கெட்கீ' என்று ஒரு கட்டளை இருக்கிறது. எந்தப் பொத்தான் அமுக்கப்பட்டது என்பதை ஓர் எண்ணாகத் தரும்: இடது 24, மேலே 25, வலது 26, கீழே 34. எண்ணின் முதல் இலக்கம் பொத்தானின் வரிசை, இரண்டாவது அது எத்தனையாவது. மூடநம்பிக்கை மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பொத்தான் பலகையைப் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடலாம். இந்த எண், ஒரு 'இஃப்', திரையில் எழுத்து போட ஓர் 'அவுட்புட்'. 16-க்கு 8 கட்டத்தில் நெளியும் பாம்பை எழுத இது போதும். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சின்ன வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போவதில்லை.

இடம் குறைவு என்பதால் அங்கே ஒரு கஞ்சத்தனமான நடையும் பிறந்தது. வரியின் முடிவில் அடைப்புக்குறியை மூடாமல் விடுவார்கள், ஒரு பைட் மிச்சம். மேற்கோள் குறியையும் மூடுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அலங்கோலம். உள்ளிருந்து பார்த்தால் அது வெண்பாவில் தளை தட்டாமல் சீர் அமைக்கும் வேலை. பேசிக் போதாமல் மெதுவாக ஓடியபோது அசெம்பிளிக்கு இறங்கினார்கள். ஃபீனிக்ஸ் என்ற விண்கலச் சண்டை, பெட்டிகளை அடுக்கிப் படி கட்டி ஏறும் பிளாக் ட்யூட், எல்லாம் இந்த 6,144 புள்ளிகளில் ஓடின.

தேர்வு அங்கேயும் துரத்தியது. அறைக்குள் நுழையுமுன் நினைவை அழி என்றார்கள். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? 'நினைவு அழிக்கப்பட்டது' என்று திரையில் காட்டும் பொய் நிரலை எழுதினார்கள். நேர்மைக்குப் பரிசு கொடுக்கும் வேலை அல்ல அது. ஆனால் ஒரு கருவியின் உள்ளிருப்பதும் அது காட்டுவதும் வேறு வேறு என்பதை அந்தப் பிள்ளைகள் ஒரே மதியத்தில் புரிந்துகொண்டார்கள். ஆப்கள் சொல்வதையெல்லாம் நம்பும் இந்தக் காலத்தில் அது சின்னப் பாடம் இல்லை.

பூட்டு

விமர்சனம் என்றால் இங்கேதான் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். 1990-களில் டிஐ-85-இல் அசெம்பிளி ஓட்ட அதிகாரப்பூர்வ வழி இல்லை. பயனர்களே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து நுழைந்தார்கள். அடுத்து வந்த கருவிகளில் நிறுவனமே கதவு வைத்தது. விளையாடுகிறவர்களைத் திருடர்களாகப் பார்க்காத காலம் அது.

2009-இல் டிஐ-83 பிளஸ்ஸின் இயங்குதளத்தைக் காக்கும் 512-பிட் டிஜிட்டல் சாவியை ஓர் ஆர்வலர் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே காரணிப்படுத்திவிட்டார். அதைப் பற்றி எழுதியவர்களுக்கு நிறுவனத்திடமிருந்து சட்டக் கடிதங்கள் போயின. எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் அவர்களுக்காக வாதாட வந்தது. 2020-இல் இன்னொரு படி. டிஐ-84 பிளஸ் சிஇ-யின் புதிய இயங்குதளப் பதிப்பில் அசெம்பிளி, சி நிரல்களை ஓட்டும் வசதியையே எடுத்துவிட்டார்கள். காரணம், தேர்வின் பாதுகாப்பு. 2017-இல் ஃப்ரான்ஸிலிருந்து வந்த நம்வொர்க்ஸ், தன் மூல நிரலைத் திறந்து காட்டியே பெயர் வாங்கியது. பைதான் எழுதலாம், வேகமான சில்லு. அதுவும் 2021-இல் கதவைச் சாத்திக்கொண்டது. மற்றவர்கள் மாற்றியமைத்த இயங்குதளங்களைப் புதிய பதிப்பு ஏற்க மறுத்தது.

நம் ஊரில் தேர்வு முதலிலேயே 'என்றால்' இல்லாத கருவியைக் கையில் கொடுத்தது. அங்கே கொடுத்த 'என்றால்'-ஐத் தேர்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கியது. அறையில் மூன்று மணி நேரம் ஒழுங்காக நடக்க, வீட்டில் மூன்று வருடம் பூட்டப்படுகிறது. மாணவர் காசு கொடுத்து வாங்கிய கருவிக்கு உண்மையான முதலாளி தேர்வுக் கண்காணிப்பாளர் என்பதை நாமும் கேள்வி கேட்கவில்லை, அவர்களும் பெரிதாகக் கேட்கவில்லை.

சரி, எதை வாங்குவது?

என் அளவுகோல் மூன்று. ஒன்று, வேறு கம்ப்யூட்டர் இல்லாமல் அந்தக் கருவியிலேயே எழுதி அதிலேயே ஓட்ட முடிய வேண்டும். இரண்டு, அதன் எல்லை ஒரு மனிதத் தலைக்குள் அடங்க வேண்டும். மூன்று, நாளைக்கு ஓர் அப்டேட் வந்து இன்று எழுதியதைப் பறிக்கக் கூடாது.

டிஐ-84 பிளஸ் சிஇ-யின் 320-க்கு 240 வண்ணத் திரை பார்க்க அழகு. 48 மெகாஹெர்ட்ஸ் சில்லு. ஆனால் மூன்றாவது அளவுகோலில் விழுந்துவிடுகிறது. இங்கே வரவழைத்தால் விலையும் பத்தாயிரத்தைத் தாண்டும். அந்தக் காசுக்குப் பழைய லேப்டாப் கிடைக்கும் என்று அம்மா சொன்னால் அம்மா சொல்வதுதான் சரி. நம்வொர்க்ஸை வாங்காமலே பழகலாம், அதன் மாதிரி பிரவுசரிலேயே இலவசமாக ஓடுகிறது. பைதான் தெரிந்தவர்களுக்கு அது போதும். கேசியோவின் எஃப்எக்ஸ்-சிஜி50 வண்ணத்திரையும் பைதானும் உள்ளது. 384-க்கு 216 புள்ளிகள், நல்ல கருவி, ஆனால் விளையாட்டு எழுதுகிறவருக்குத் தேவைக்கு மேல் பெரிய மைதானம்.

நான் கைகாட்டுவது இரண்டை. ஒன்று, யாராவது வெளிநாட்டு உறவினர் வீட்டு அலமாரியில் தூங்கும் கறுப்பு வெள்ளை டிஐ-84 பிளஸ். சிங்கப்பூரில் ஏ-லெவல் கணிதத்துக்கு வரைபடக் கால்குலேட்டர் வாங்கியே ஆக வேண்டும். படிப்பு முடிந்த அக்காவோ மாமா பையனோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். இரண்டு, கேசியோ எஃப்எக்ஸ்-9750ஜி-III. 128-க்கு 64 புள்ளித் திரை, 21 எழுத்து அகலம், பழைய கேசியோ பேசிக்கும் உண்டு, பைதானும் உண்டு, வரைபடக் கால்குலேட்டர்களில் விலை குறைந்த வகை. வண்ணம் இல்லை என்பது குறையில்லை. கறுப்பு வெள்ளையில் ஓர் உருவத்தை அடையாளம் தெரிகிற மாதிரி போட முடிந்தவருக்கு வண்ணம் பிறகு தானாக வரும். கிராஃப் போடுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

'ஃபோன்லயே பண்ணலாமே' என்பவர்களுக்கு ஒரு பதில். பண்ணலாம். ஆனால் ஃபோனைத் திறந்ததும் அது நம்மிடம் ஏதாவது கேட்க ஆரம்பிக்கிறது: பார்க்கச் சொல்லும், வாங்கச் சொல்லும், பதில் போடச் சொல்லும். கால்குலேட்டர் ஒன்றும் கேட்காது. காலித் திரையில் ஒரு கோடு மின்னிக்கொண்டு காத்திருக்கும். நம்மிடம் எதையும் எதிர்பார்க்காத கருவியில்தான் நாம் எதையாவது செய்து பார்க்கத் துணிகிறோம்.

எதுவும் வாங்க முடியாதென்றால் மேஜையில் கிடக்கும் 991-ஐ எடுங்கள். 3.9-ஐ 3.5 ஆக்கிப் பாருங்கள். தட்டத் தட்ட எண்கள் நாலே நாலு இடங்களுக்கு இடையில் மாறி மாறி வர ஆரம்பிக்கும். எந்த மதிப்பில் நாலு எட்டாகிறது என்று தேடத் தொடங்கினீர்கள் என்றால், அந்த 'என்றால்' உங்களுடையது.