மீற்றர் சொல்லாத ஓட்டம்

மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போவார்கள். தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுநுனியைக் காதோடு வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சுக் கூடாது. பொறுமை உள்ளவருக்கு, அடியில் யாரோ தந்தியை மெல்லத் தொட்டுவிட்டதுபோல ஒரு நாதம் மரத்தின் வழியே ஏறி வரும்.

எங்கள் பக்கத்தில் பழைய கார் பார்க்கத் தெரிந்த ஒரு பாஸ் இருக்கிறார். கைவேலை தெரிந்தவரை இலங்கையில் பாஸ் என்றுதான் அழைப்போம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் இரும்பு நுனியை எஞ்சினில் ஊன்றுவார். பிடியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். வோட்டர் பம்ப், ஆல்டனேட்டர், டைமிங் செயின், கீழே கிராங்க் என்று நுனி இடம் மாறும். ஒவ்வோர் இடத்திலும் ஏழெட்டு விநாடி. முதன்முதல் அதைப் பார்த்தபோது எனக்குத் தோணியும் துடுப்பும்தான் ஞாபகம் வந்தன. காரின் வயதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

அன்று நாங்கள் பார்க்கப் போனது ஒரு கொரோலா 121. மீற்றரில் 68,000 கிலோமீற்றர். வாங்க வருகிற எல்லாரையும்போல நானும் முதலில் அந்த எண்ணைத்தான் குனிந்து பார்த்தேன். “அதப் பார்க்காத மனே, கதவத் திற” என்றார் பாஸ்.

அந்த எண்ணுக்கு இருக்கும் வசியம் உலகப் பொதுவானது. வாவிக்கரையில் பெராரியோ மக்லரனோ நின்று நான் கண்டதில்லை. ஆனாலும் அந்த வண்டிகளின் விலைக் கணக்கை நான் ஆசையோடு வாசிக்கிறவன். ஓட்டம் என்பதை மனிதர் எப்படி மதிக்கிறார்கள் என்பது அங்கேதான் பெரிதாகத் தெரிகிறது. 2021 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1995ஆம் ஆண்டு மக்லரன் எஃப்1 ஒன்று ஏலம் போனது. மீற்றரில் இருந்தது 242 மைல், ஏறக்குறைய 390 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்கு ஒருமுறை போய்த் திரும்பினால், குருநாகல் வருமுன் அந்தத் தூரம் தீர்ந்துவிடும். 26 ஆண்டில் அந்த வண்டி ஓடியது அவ்வளவே. விலை 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டொலர்.

அதே ரக எஃப்1 ஒன்றை ‘மிஸ்டர் பீன்’ நடிகர் ரோவன் அட்கின்சன் 1997இல் வாங்கினார். அவர் அதை மூடிவைக்கவில்லை, ஓட்டினார். இரண்டு முறை மோதினார். 2011இல் மரத்தில் மோதியதைத் திருத்த 9 லட்சம் பவுணுக்கு மேல் செலவானது. 41,000 மைல் ஓடிய நிலையில் 2015இல் அது கைமாறியபோது விலை 80 லட்சம் பவுண் என்று செய்தி வந்தது. வாங்கிய விலையின் பத்து மடங்குக்கு மேல். மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்ட வண்டி அது. வேண்டுமென்று நினைப்பவருக்கு வேறு வழி இல்லை. 14,022 செய்யப்பட்ட லம்போகினி கலார்டோவில் கதை வேறு. அங்கே வாங்குகிறவர் பத்து வண்டியை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். ஆகவே கூட ஓடிய ஒவ்வோர் ஆயிரமும் விலையைத் தின்னும். அரிய வண்டியில் யார் ஓட்டினார், எப்படிப் பேணினார் என்ற வரலாறு எண்ணை முந்திவிடுகிறது. சச்சின் டெண்டுல்கருக்கு 2002இல் மைக்கேல் ஷூமாக்கர் கையால் கிடைத்த பெராரி 360 மொடேனா 2011இல் சூரத் வியாபாரி ஒருவரிடம் போனபோது, அவர் மீற்றரைப் பார்த்தா வாங்கியிருப்பார்? அந்த ஸ்டியரிங்கைப் பிடித்த கை எது என்பதல்லவா முக்கியம்.

சாதாரணக் காருக்கு அப்படிப்பட்ட கை இல்லை. அங்கே எண்தான் அரசன். அமெரிக்காவில் 2 கோடி 20 லட்சத்துக்கு மேற்பட்ட பழைய வாகன விற்பனைகளை எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2012இல் அமெரிக்கப் பொருளியல் சஞ்சிகையில் வந்தது. ஒவ்வொரு பத்தாயிரம் மைல் எல்லையையும் மீற்றர் தாண்டும் இடத்தில் விலை படியிறங்குவதுபோலச் சட்டென்று விழுகிறது என்பது அதன் முடிவு. 79,900க்கும் 80,000க்கும் இடையில் எஞ்சினுக்கு ஒன்றும் நடப்பதில்லை; நடப்பதெல்லாம் வாங்குகிறவர் கண்ணில். நம்மூர்க் கார் சேலில் ‘லட்சம் தாண்டாத வண்டி’ என்று சொல்கிறபோது குரல் உயர்வதும் இதே காரணத்தால்தான்.

எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதால்தான் அதில் கைவைக்கிறார்கள். கியர்பொக்ஸிலிருந்து வரும் கேபிள் பற்சில்லுகளைச் சுழற்றும் பழைய மீற்றரில் இலக்கங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தால் யாரோ திறந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். டிஜிட்டல் மீற்றரில் அந்தத் தடயமும் இல்லை. சிறு நினைவகச் சிப்பில் இருக்கும் எண்ணை மாற்றி எழுதிவிட்டால் முடிந்தது.

அந்தக் கொரோலாவின் சாரதிக் கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கினார் பாஸ். பிணைச்சலில் ஒரு ‘டக்’. ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கிய கதவு. பிறகு குனிந்து பெடல்களைப் பார்த்தார். எக்ஸிலேட்டர் பெடலின் வரிகள் தேய்ந்து வழுவழுத்திருக்க, பிரேக் பெடலின் ரப்பர் மட்டும் புத்தம் புதிது. “இதுக்கு ஏன் புதுச் சட்டை?” என்று கேட்டார். சீட் பெல்டை முழுவதுமாக வெளியே இழுத்தார். தோளில் உரசும் விளிம்பு பஞ்சுபோல நூல் விட்டிருந்தது. மேற்கே சாய்ந்த வெயிலுக்கு எதிராக முன் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். மணல் அடித்துக் குத்திய ஆயிரம் புள்ளிகள் மின்னின. கடைசியாகத்தான் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். காதை எடுத்தபின், “ரெண்டு லட்சத்துக்குக் குறையாது” என்றார். கால்மணி நேரம் பிடிக்கவில்லை.

இந்தக் கலையில் என்னை மயக்குவது, ஒரு தடயத்தை அவர் ஒருபோதும் தனியாக நம்புவதில்லை என்பதுதான். தேய்ந்த பெடல் மட்டும் என்றால் அது கொழும்பு நெரிசலின் வேலையாக இருக்கலாம். கண்ணாடிப் புள்ளி மட்டும் என்றால் கடற்கரையோரம் ஓடியிருக்கலாம். நாலைந்தும் ஒரே கதையைச் சொன்னால்தான் அவர் வாய் திறப்பார். டயரின் பக்கத்தில் வார்த்திருக்கும் நாலு இலக்கத்தையும் பார்ப்பார். முதல் இரண்டும் செய்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 20,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் காரை விட வயது குறைந்த டயர் இருந்தால், முதல் நாலும் எங்கே போயின என்று கேட்பார்.

அதைவிட நுட்பம், எங்கே ஓடிய கிலோமீற்றர் என்று பிரித்தறிவது. எங்கள் வாவிக்கு இரண்டு கரை: கடலோரம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரண்டு கரைக் கார்களும் இரண்டு விதமாக மூப்படைகின்றன. படுவான்கரைக் கிறவல் ரோட்டில் ஓடியது செம்மண்ணைக் கதவு ரப்பருக்குள்ளும் ஏர் பில்டர் பெட்டிக்குள்ளும் சுமந்துகொண்டு வரும். புஷ்களும் ஷொக்கும் சீக்கிரம் களைத்துப்போகும். தகடு மட்டும் நல்லாயிருக்கும். நாவலடி, டச்பார் பக்கம் நின்ற கார் ஒருபுறம் கடலையும் மறுபுறம் வாவியையும் சுவாசித்தது. எஞ்சின் மணிபோலச் சத்தமிடும். அடித்தகட்டைத் தட்டினால் உதிரும். மண்முனைக்குப் பாலம் வந்தது 2014இல். அதற்கு முன் அங்கே வாவியைக் கடக்கும் வாகனம் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் போக வேண்டும். பல வருடம் அப்படிப் போய்வந்த வாகனத்தின் அடிப்புறம் உவர்நீரின் கதையை எழுதிவைத்திருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பெல்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் வேரூன்றியது. மூழ்கிய காரை விற்கிறவர்கள் கார்ப்பட்டைக் கழுவுவார்கள், சீட்டைத் துடைப்பார்கள்; சுருளின் அடிமுனையில் படிந்த சேற்றுக் கோட்டை மறந்துவிடுவார்கள்.

படுவான்கரை விவசாயிக்கு இதெல்லாம் விளக்கத் தேவையில்லை. உழவு மெசின் வாங்கும்போது அவர் மணித்தியாலம் கேட்பார். ட்ரக்டர் மீற்றர் எண்ணுவது மணித்தியாலத்தைத்தானே. வயலுக்குள் ஒரே இடத்தைச் சுற்றுகிறதற்குத் தூரம் எதற்கு? இந்தக் கணக்கைக் காருக்கும் போட்டுப் பாருங்கள். கொழும்பின் காலி வீதி நெரிசலில் சராசரி 15 கிலோமீற்றர் வேகத்தில் 60,000 ஓடிய காரின் எஞ்சின் 4,000 மணித்தியாலம் உழைத்திருக்கிறது. சராசரி 50இல் 200,000 ஓடிய காரின் எஞ்சினும் அதே 4,000 மணித்தியாலம்தான். முதலாவதில் கிளச்சும் பிரேக்கும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். சந்தையோ முதலாவதுக்குத்தான் அதிக விலை வைக்கிறது.

அப்படியானால் ஓடாத வண்டிதான் சிறந்ததா என்றால், பாஸிடம் அதற்கும் ஒரு தலையாட்டல் உண்டு. நின்ற கார் வெளியே மினுங்கும், உள்ளே காயும். எண்ணெய் படாத சீல்கள் இறுகி வெடிக்கும். தாங்கியில் பெற்றோல் பிசினாகும். ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் தட்டையாகும். விலையுயர்ந்த வண்டிக்கும் இதில் விலக்கில்லை. பெராரி எஃப்355இன் டைமிங் பெல்ட் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை, வருடத்தையும் பார்க்கிறது. ஓடாவிட்டாலும் மாற்ற வேண்டும், மாற்ற எஞ்சினையே கழற்றி இறக்க வேண்டும். மக்லரன் எஃப்1இன் எரிபொருள் பைக்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதே கதி. குறைந்த மைலுக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர், அந்த மைலைக் காப்பாற்றவும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை. நியூயோர்க் லோங் ஐலண்ட் ஆசிரியர் இர்வ் கோர்டன் 1966இல் வாங்கிய வொல்வோ பி1800ஐ 2013இல் 30 லட்சம் மைலைத் தாண்ட வைத்தார். கிரேக்க டாக்சிக்காரர் ஒருவர் 1976ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி ஒன்றில் 46 லட்சம் கிலோமீற்றர் ஓடினார்; 2004இல் அந்தக் காரைக் கம்பனியே தன் அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டது. அங்கே பெரிய எண்தான் பெருமை.

எங்கள் தீவில் மொறிஸ் மைனர் அந்த வரிசையில் வரும். அதன் மீற்றரில் ஐந்து இலக்கம். 99,999 மைலுக்குப் பிறகு பூச்சியம். 43,000 என்று காட்டும் மைனர் எத்தனையாவது சுற்றில் ஓடுகிறது என்பதை வைத்திருந்த குடும்பம்தான் சொல்ல முடியும். ஆகவே மைனர் வாங்குகிறவர்கள் எண்ணைக் கணக்கில் எடுப்பதில்லை. எண்ணெய் அழுத்தம், அடித்தகடு, முன் சில்லைத் தாங்கும் ட்ரனியனுக்கு ஒழுங்காகக் கிறீஸ் போட்டார்களா என்பதுதான் பார்வை. போடாவிட்டால் புரி தேய்ந்து சில்லு ஒருநாள் ரோட்டிலேயே மடங்கும். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்த சார்ள்ஸ் வேர், அந்தக் காருக்கான தகடுகளைச் செய்ய 1990களில் இலங்கைக் கைவினைஞர்களைத் தேடி வந்தார். பழசைப் பேணும் இந்தக் கைகளுக்கு, மைனர் பிறந்த நாட்டிலிருந்தே வந்த சான்று அது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் வாங்கிய விலைக்கு மேல் பழைய கார்கள் விற்றன. ஓட்டம் கூடினாலும் விலை ஏறிய அதிசயக் காலம். பாஸ்மாரின் காதுக்கு அப்போதுதான் மெய்யான மதிப்பு வந்தது. நாடே ஏற்கனவே ஓடியதைத்தான் மேலும் ஓட்ட வேண்டியிருந்தது. இப்போது புது வண்டிகள் இறங்குகின்றன. எண் மறுபடியும் அரியணையில் ஏறுகிறது.

அந்த 68,000 கொரோலாவை விட்டுவிட்டு வந்த மறுமாதம், மீற்றரில் 214,000 காட்டிய இன்னொரு 121ஐ வாங்கினேன். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் பதினொரு வருடம் வேலைக்குப் போய்வந்த ஒருவருடையது. ஒரே கை, ஒரே ரோட்டு. விலை பேசுமுன் அவர் டாஷ்போர்டு பெட்டியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் சேர்விஸ் நிலையம் கொடுத்த அட்டைகள், திகதியும் கிலோமீற்றரும் எழுதி, வரிசையாக இருந்தன. பாஸ் ஸ்குரூ டிரைவரை வழக்கத்தைவிட நீண்ட நேரம் காதில் வைத்திருந்தார். பிறகு அதைத் துணியில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, “காசக் குடு மனே” என்றார்.

கார் வைத்திருக்கும் யாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். அந்த அட்டைகளைக் கிழித்தெறியாதீர்கள். விற்கிற அன்று முதலில் அந்த டின்னைத் திறந்து காட்டுங்கள்; மீற்றரை வாங்குகிறவர் பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.